ஆளுக்கேத்த வைத்தியம் வருதுன்னா ஆஸ்பத்திரி நடத்துறவங்க எதை மாத்தணும்?

கேள்வியை முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன். குடியாத்தம் பக்கம் ஒரு தம்பி, அப்பா ஆரம்பிச்ச 60 பெட் ஆஸ்பத்திரியை இப்ப அவர்தான் பாத்துக்கிறார், பாதி பேஷண்ட் பரதராமி தாண்டி ஆந்திராவுல இருந்து வர்றவங்க. அவரோட தங்கச்சி மேற்படிப்பு முடிச்சுட்டு டாக்டரா உள்ள வந்திருக்காங்க, இனிமே எல்லாருக்கும் ஒரே மருந்துங்கற காலம் போச்சு, ஜீன் பாத்து ஆளுக்கேத்த மாதிரி வைத்தியம்தான், நாமளும் மிஷின் வாங்கணும், இல்லாட்டி பெரிய லேபோட டை-அப் போடணும்னு சொல்றாங்களாம். தம்பி கேக்குறது இதுதான்: நிர்வாகம் பண்றவனா நான் எதை மாத்தணும், காசை எங்க போடணும், ஸ்டாஃபை எப்படி கூட்டிட்டு போறது?

நான் டாக்டர் இல்ல. காட்பாடி சித்தூர் ரோட்டை ஒட்டின ஊர்கள்ல 26 வருஷமா ஆஸ்பத்திரி நிர்வாகம் பாக்குறேன், அட்மிஷன் கவுண்டர்ல ரசீது போட்டு ஆரம்பிச்ச ஆளு. எந்த மருந்து கொடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த மருந்து அந்த ஆளுக்கு ஒத்துக்குமான்னு தெரிஞ்சவங்க வாயில இருந்து, கொடுக்குறவங்க காதுக்கு விஷயம் போய் சேர உள்ள என்ன நடக்கணும்னு எனக்கு தெரியும், அதை சொல்றேன். மிஷின் விஷயத்துக்கு கடைசியில வர்றேன்.

2013 வாக்குல, அப்ப நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில (பேர் வேண்டாம்) ராத்திரி 10 மணிக்கு மேல பங்காருபாளையம் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணை கூட்டிட்டு வந்தாங்க, 24 வயசு, குடல்வால் வெடிக்குற நிலைமை, உடனே ஆபரேஷன். கூட வந்த அண்ணன் அட்மிஷன் கவுண்டர்ல பணம் கட்டும்போதே சொல்லியிருக்கார், "மா சின்னாயனகி ஆபரேஷன் அப்புடு ஊப்பிரி ராலேது"ன்னு, அதாவது எங்க சித்தப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணப்ப மூச்சு திரும்பி வரல, ரொம்ப நேரம் மிஷின்ல வச்சிருந்தாங்கன்னு. கவுண்டர்ல இருந்த பையனுக்கு தெலுங்கு நல்லா தெரியும், கேட்டான், "டாக்டர்கிட்ட சொல்லுங்கண்ணா"ன்னுட்டு ரசீதை கிழிச்சு கொடுத்துட்டான். வார்டுல துணி மாத்துன ஆயாகிட்டயும் அண்ணன் அதையே சொன்னார், ஆயா "தேவுடு உன்னாடு"ன்னு ஆறுதல் சொல்லிட்டு ஸ்ட்ரெச்சரை தள்ள ஆள் கூப்பிட போயிட்டாங்க. ராத்திரி ரெண்டு வார்டுக்கு ஒரே சிஸ்டர். கேஸ் ஷீட்டுல இந்த மாதிரி விஷயத்தை எழுத ஒரு கட்டம்கூட கிடையாது. மயக்க டாக்டர் வேலூர்ல இருந்து ஓடி வந்தவர், தமிழ்ல கேட்டார், உனக்கு இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஆயிருக்கா, மருந்து ஏதாவது அலர்ஜியா. வலியில துடிச்சுக்கிட்டு இருந்த பொண்ணு ரெண்டுக்கும் லேதுன்னு சொன்னா, ரெண்டும் உண்மைதான்.

அவசர வயித்து ஆபரேஷன்னா சட்டுன்னு தொண்டையில டியூப் போடணும், அதுக்கு தசையை தளர வைக்க ஸ்கோலின் போடுவாங்க, சாதாரணமா 5ல இருந்து 10 நிமிஷத்துல அதோட வேலை முடிஞ்சிடும். ஆபரேஷன் 50 நிமிஷத்துல முடிஞ்சுது, பொண்ணுக்கு மூச்சு வரல. நல்லவேளை மயக்க டாக்டர் விஷயம் தெரிஞ்சவர், பதறாம வென்டிலேட்டர்லயே வச்சு, அவளுக்கு நினைவு வந்து பயந்துடாம இருக்க தூக்க மருந்து கொடுத்துக்கிட்டே காத்திருந்தார். விடியற்காலை அஞ்சரைக்குத்தான் முதல் தடவை விரல் அசைஞ்சுது. அதுவரைக்கும் தியேட்டர் வாசல்ல அண்ணன் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "நேனு செப்பானு கதா, நேனு செப்பானு கதா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். நான்தான் சொன்னேனேங்கறார். பொண்ணு அஞ்சாம் நாள் நல்லபடியா வீட்டுக்கு போச்சு, ஆனா அந்த குரல் என் காதை விட்டு போகல.

விஷயம் என்னன்னா ஸ்கோலினை உடைக்கிறதுக்கு ரத்தத்துல சூடோகோலினெஸ்டரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, சிலருக்கு பிறவியிலேயே அது வேலை செய்யாது, அப்பா வழி ஒண்ணு அம்மா வழி ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் குறையுள்ள ஜீன் வந்தாத்தான் இந்த அளவுக்கு ஆகும். உலகத்துல பொதுவா ரொம்ப அபூர்வம், ஆனா ஆந்திராவுலயும் தமிழ்நாட்டுலயும் பரவியிருக்கிற ஆரிய வைசிய சமூகத்துல இது வழக்கத்தை விட ரொம்ப அதிகம், 2006லயே கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுக்கு காரணமான ஜீன் மாற்றத்தையே கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க. எனக்கு இன்னிக்கும் மனசுல குத்துறது எதுன்னா அந்த என்சைமை அளக்குற டெஸ்ட் எங்க லேப்லயே இருந்துது, பூச்சி மருந்து குடிச்சுட்டு வர்றவங்களுக்கு பாக்குறது அதே டெஸ்ட்தான், நம்ம பக்கம் எந்த ஆஸ்பத்திரியிலயும் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு அது போகும். மிஷின் இருந்துது, கெமிக்கல் இருந்துது, டெக்னீஷியன் இருந்தார், டாக்டருக்கு அறிவும் இருந்துது, வீட்டு ஆளுங்க வாயை திறந்து சொல்லவும் செஞ்சாங்க. கவுண்டருக்கும் தியேட்டருக்கும் நடுவுல 40 அடி தூரம், அந்த 40 அடியில விஷயம் செத்துப்போச்சு.

அதனால தம்பி, ஆளுக்கேத்த வைத்தியத்தை எப்படி கொண்டு வர்றதுன்னு நீங்க கேக்கும்போது நான் முதல்ல திருப்பி கேக்குறது, இந்த ஆளை பத்தி உங்க ஆஸ்பத்திரியில யாரோ ஒருத்தருக்கு தெரிஞ்ச ஒரு விஷயம் அடுத்தவங்க கைக்கு போற வழி என்னன்னுதான். ஜீன் ரிப்போர்ட் வந்தாலும் அதே 40 அடியைத்தான் அது தாண்டணும், 30,000 ரூபாய் கொடுத்து எடுத்த ரிப்போர்ட்டு ஃபைல்ல எட்டாவது பக்கத்துல இருந்து, அந்த மருந்தே ராத்திரி டூட்டியில ஏறிப்போனா எடுத்து என்ன பிரயோஜனம்.

நாங்க அப்புறம் பண்ணது ரொம்ப சின்ன காரியம், ஆனா படிய ஒன்றரை வருஷம் ஆச்சு. அட்மிஷன் ஃபார்ம்ல ஒரு கேள்வி சேத்தோம், "உங்களுக்கோ, ரத்த சொந்தத்துல யாருக்காவதோ, ஆபரேஷன் நேரத்துல, மயக்க மருந்துல, இல்ல ஏதாவது மாத்திரை ஊசியில பெரிய பிரச்னை வந்திருக்கா?" தமிழ், தெலுங்கு, உருது மூணுலயும். ஆமான்னா அட்மிஷன்லயே ஒரு சிவப்பு அட்டை, அதுல சொன்ன வார்த்தையை சொன்ன மாதிரியே எழுதணும், மருத்துவ பாஷையில மாத்தக்கூடாது, கேஸ் ஷீட்டு முன்னாடி பின் அடிக்கணும், சிவப்பு அட்டையில டாக்டர் கையெழுத்து இல்லாம தியேட்டர் சிஸ்டர் பேஷண்டை உள்ள எடுக்க மாட்டாங்க. அவ்ளோதான். முதல்ல கவுண்டர் பசங்க இது டாக்டர் வேலை, எங்களை ஏன் எழுத சொல்றீங்கன்னு சண்டை. ரெண்டு டாக்டருக்கு கோவம், ரசீது போடுற பையன் எழுதுனதுக்கு நான் கையெழுத்து போடணுமான்னு. அவங்களை வழிக்கு கொண்டு வந்தது சர்க்குலர் இல்ல, நான் அந்த ராத்திரி கதையை எல்லா டிபார்ட்மெண்ட்லயும் உக்காந்து, யார் மேலயும் பழி போடாம, நேரம் நேரமா சொன்னேன், 10.10க்கு கவுண்டர், 10.35க்கு வார்டுன்னு. அதை கேட்ட ஆயா ஒருத்தங்க "எங்கிட்டயும் சொன்னாரு சார், நான்தான் யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்"னு அழுதுட்டாங்க. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம விட்டது அவங்க தப்பு கிடையாது, நிர்வாகத்தோட தப்பு, என் தப்பு.

இதுல ஒரு விஷயம் அழுத்தி சொல்லணும். ஃபார்ம்ல சாதி கட்டம் போடலாமேன்னு அப்ப ஒருத்தர் யோசனை சொன்னார், நான் ஒத்துக்கல, இப்பவும் ஒத்துக்க மாட்டேன். அட்மிஷன்ல சாதி கேட்டா நம்ம ஊர்ல ஜனங்க வாயை மூடிக்குவாங்க, அவமானமாவும் இருக்கும், அதுவும் இல்லாம அந்த சமூகத்துலயே பெரும்பாலானவங்களுக்கு இந்த குறை கிடையாது, வேற சமூகத்துலயும் சிலருக்கு இருக்கு. வீட்டுல என்ன நடந்துதுன்னு கேளுங்க, அதை சொல்றதுல யாருக்கும் கூச்சம் இல்ல. சொந்தத்துல கல்யாணமான்னு கேக்கலாம், மேனரிகமான்னு கேட்டா தெலுங்குக்காரங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க, ரெண்டு பக்கமும் ஒரே குறை சேருற வாய்ப்பு அங்கதான் அதிகம். மயக்க டாக்டருக்கு சந்தேகம் வந்தா என்சைம் டெஸ்ட் போடட்டும், இல்ல ஸ்கோலினை விட்டுட்டு ரோக்குரோனியம் மாதிரி வேறதுக்கு போகட்டும், அது அவர் முடிவு.

அடுத்தது அதிகாரம். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல பெரிய டாக்டர் ஒருத்தர் சொன்னா அது நடக்கும், உங்க அப்பா காலமும் அப்படித்தான் இருந்திருக்கும், அவர் 40 வருஷமா ஊர்ல ஒவ்வொரு குடும்பத்தையும் தெரிஞ்சு வச்சிருந்தார், அந்த அறிவே ஒரு விதத்துல ஆளுக்கேத்த வைத்தியம்தான். இப்ப பேஷண்ட் பத்து கை மாறுறார். ஒவ்வொருத்தரும் ஒரு துண்டு தெரிஞ்சு வச்சிருக்காங்க, பார்மசி பொண்ணுக்கு இவர் மாத்திரையை பாதி வாங்கிட்டு போறார்னு தெரியும், ஃபிசியோதெரபி தம்பிக்கு இவர் வீட்டுல மாடி ஏறணும்னு தெரியும், பெரிய டாக்டருக்கு அது தெரியாது, தெரிய வழியும் இல்ல.

ஒரு உதாரணம் கிட்டக்க இருந்து பாத்தது. மூட்டு வாத நோய்க்கு ஒரு அம்மாவுக்கு அசாதயோப்ரின் ஆரம்பிச்சிருந்தாங்க, பேர்ணாம்பட்டு பக்கம், பீடி சுத்துறவங்க. மூணாவது வாரம் வழக்கம்போல எங்க சிஸ்டர் போன் பண்ணி எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டப்ப மூட்டு வலி பரவால்ல, ஆனா தலைமுடி கொத்துக்கொத்தா வருது, தலையணை பூரா முடின்னு சொல்லியிருக்காங்க. வேற யாராவது இருந்தா சீயக்காய் மாத்துங்கன்னு சொல்லியிருப்பாங்க. இந்த சிஸ்டருக்கு ஒரு மாசம் முன்னாடி நடந்த மீட்டிங்ல டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துது, நம்ம ஊர் ஆளுங்கள்ல சிலருக்கு என்யூடிடி15னு ஒரு ஜீன்ல மாற்றம் இருக்கும், அவங்களுக்கு இந்த மாத்திரை சாதாரண அளவுலயே விஷம் மாதிரி வேலை செய்யும், முடி கொட்டுறது முதல் அறிகுறி, அடுத்து வெள்ளை அணு இறங்கிடும்னு. அவங்க டாக்டரை கேக்காமலேயே "இன்னைக்கு மாத்திரை போடாதீங்க, உடனே பஸ் ஏறி வாங்க"ன்னு சொல்லிட்டாங்க. வந்து ரத்தம் பாத்தா வெள்ளை அணு 1,800. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா காய்ச்சல்ல போயிருப்பாங்க. மேல்நாட்டு புத்தகம் இந்த மருந்துக்கு டிபிஎம்டின்னு வேற ஒரு ஜீனை பாக்க சொல்லும், ஆசியாவுல அதிகம் பாதிக்கிறது இந்த 15ங்கறது 2014க்கு அப்புறம்தான் தெளிவா தெரிய வந்துது. அதையெல்லாம் விட எனக்கு பெருசா தெரிஞ்சது அந்த சிஸ்டர் டாக்டர் எழுதுன மருந்தை நிறுத்த சொன்ன தைரியம், நிறுத்துனதுக்காக யாரும் திட்ட மாட்டாங்கன்னு அவங்களுக்கு நம்பிக்கை இருந்துது. அந்த நம்பிக்கையை கொடுக்குறதுதான் உங்க வேலை தம்பி, அது எந்த டை-அப்லயும் வராது.

எப்படி கொடுக்குறதுன்னா, வாரம் ஒரு நாள், எங்களுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டரை, முக்கா மணி நேரம், ஒரே ஒரு பேஷண்டை பத்தி எல்லாரும் உக்காந்து பேசுவோம். டாக்டர், சிஸ்டர், பார்மசி, லேப், இன்சூரன்ஸ் டெஸ்க், முடிஞ்சா ஆயாவும். முதல்ல பேசுறது கீழ இருந்து, பெரிய டாக்டர் கடைசியில. இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க, பெரியவர் முதல்ல பேசிட்டா அப்புறம் எல்லாரும் தலையைத்தான் ஆட்டுவாங்க. உங்க அப்பாவும் வந்து உக்காரட்டும், அவருக்கு தெரிஞ்ச குடும்ப கதைகள் கேஸ் ஷீட்டுல எங்கயும் கிடையாது, ஆனா கடைசியில பேச சொல்லுங்க, மரியாதையா கேட்டா ஒத்துக்குவார்.

ஆளுக்கு ஆள் வேற வேறன்னா அப்ப ப்ரோட்டோகால், அதாவது எல்லாருக்கும் ஒரே நடைமுறை எதுக்குன்னு டாக்டர்கள் கேப்பாங்க, என் அனுபவத்துல நேர்மாறு. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை எடுத்துக்கோங்க, 1976ல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது, கண்புரை ஆபரேஷனை படி படியா பிரிச்சு, பயிற்சி கொடுத்த பொண்ணுங்க அவங்கவங்க வேலையை ஒரே மாதிரி செய்ய, டாக்டர் கண்ணை மட்டும் பாக்குறார். எல்லாமே ஒழுங்கா ஒரே மாதிரி நடக்கும்போது ஒரு கண்ணு வித்தியாசமா இருந்தா அது உடனே தெரியும். எல்லாமே ஆளாளுக்கு ஒரு விதமா நடக்குற இடத்துல எது வேணும்னு மாத்துனது எது கவனக்குறைவுன்னே தெரியாது. அதனால நூத்துக்கு எண்பது தொண்ணூறு கேஸுக்கு இறுக்கமான ப்ரோட்டோகால் வைங்க, அதுல இருந்து விலகணும்னா விலகலாம், ஆனா ஏன்னு ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரிகளை மாசம் ஒரு தடவை சேத்து படிச்சு பாருங்க, உங்க ஜனங்க எப்படிப்பட்டவங்கன்னு அதுலயே தெரியும், எங்களுக்கு அப்படித்தான் ஆந்திரா பக்கத்துல இருந்து வர்ற கிட்னி கேஸ்ல வலி மாத்திரை எவ்ளோ ஓடுதுன்னு தெரிய வந்துது.

இப்ப டெஸ்ட். தங்கச்சி சொல்றதுல நிறைய உண்மை இருக்கு, அதை தள்ளிடாதீங்க. நுரையீரல் கேன்சர்ல ஈஜிஎஃப்ஆர்ங்கற ஜீன்ல மாற்றம் மேல்நாட்டை விட ஆசியாவுல அதிகம், அது இருந்தா கீமோவுக்கு பதிலா தினம் ஒரு மாத்திரைன்னு வைத்தியமே மாறுது. மார்பக கேன்சர்ல ஹெர்-2ங்கற புரதம் அதிகமா இருக்கான்னு பாக்காம மருந்து முடிவு பண்றது இன்னைக்கு தப்பு. பிறந்து 6 மாசத்துக்குள்ள சுகர் வந்த குழந்தைக்கு ஜீன் பாத்தா சில குழந்தைகளுக்கு இன்சுலின் ஊசியை நிறுத்திட்டு மாத்திரையிலயே ஓட்டலாம், சென்னையில இதை பாக்குற இடம் இருக்கு, ஒரு தாய்க்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சு பாருங்க. விலை கம்மியான டெஸ்ட்டும் இருக்கு, விட்டு விட்டு வர்ற விவாக்ஸ் மலேரியாவுக்கு 14 நாள் பிரைமாக்குயின் கொடுக்குறதுக்கு முன்னாடி ஜி6பிடிங்கற என்சைம் குறையா இருக்கான்னு பாத்துட்டா ரத்தம் உடையுற ஆபத்தை தவிர்க்கலாம். இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வச்சவங்களுக்கு கொடுக்குற க்ளோபிடோக்ரல் சிலருக்கு உடம்புல மருந்தா சரியா மாறாது, அமெரிக்க மருந்து துறை 2010லயே கறுப்பு கட்டம் போட்டு எச்சரிச்சுது, அந்த ஜீன் வகை நம்ம ஆளுங்கள்ல சாதாரணமா காணப்படுறதுதான்.

ஆனா எங்க ஆஸ்பத்திரியில எந்த புது டெஸ்ட்டுக்கும் ஒரு கேள்வி வச்சிருக்கோம், ரிசல்ட் இப்படி வந்தா என்ன பண்ணுவீங்க, அப்படி வந்தா என்ன பண்ணுவீங்க, டெஸ்ட் எழுதுற டாக்டர் ரெண்டு வரி எழுதணும். ரெண்டுக்கும் ஒரே பதில்னா டெஸ்ட் வேண்டாம். ரெண்டாவது பதில்ல ஒரு மருந்து வருதுன்னா அந்த குடும்பத்தால அதை வாங்க முடியுமான்னு டெஸ்ட்டுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ் டெஸ்க் பாத்து சொல்லணும். ஒரு பெரியவருக்கு டெஸ்ட் எடுத்து, மருந்து இருக்கு, மாசம் இவ்வளவுன்னு சொன்னப்ப, மகன் அப்பா முகத்தை பாக்காம ஜன்னலை பாத்துக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன். மருந்து இருக்குன்னு தெரிஞ்சும் வாங்க முடியாம வீட்டுக்கு கூட்டிட்டு போறது, வைத்தியமே இல்லைங்கறதை விட கொடுமை. விலைங்கறது மாறக்கூடியதுதான், ரத்த புற்றுநோய்க்கு குறிப்பிட்ட ஜீன் மாற்றத்தை குறி வச்சு அடிக்கிற இமாட்டினிப் கம்பெனி விலையில மாசம் லட்ச ரூபாய்க்கு மேல இருந்துது, உள்நாட்டு மருந்து அதுல பத்துல ஒரு பங்குக்கும் கீழ, 2013 ஏப்ரல் 1ல உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை மறுத்ததால அந்த மலிவு விலை நிலைச்சுது. மும்பையில ஐஐடியும் டாடா மெமோரியலும் சேந்து உருவாக்குன கார்-டி செல் சிகிச்சைக்கு (பேஷண்ட்டோட நோய் எதிர்ப்பு செல்லையே மாத்தி கேன்சரை அடிக்க வைக்கிறது) 2023 அக்டோபர்ல அனுமதி கிடைச்சுது, வெளிநாட்டுல 3, 4 கோடி ஆகுறது இங்க அதுல பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கியிருக்கு. ஆனாலும் அது பீடி சுத்துற வீட்டுக்கு எட்டாத தொகைதான்.

அரசு காப்பீடு எப்படி இருக்குன்னு உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் முதலமைச்சர் காப்பீடு, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், அந்த பக்கம் 2007ல ஆரோக்யஸ்ரீன்னு ஆரம்பிச்சு இப்ப என்டிஆர் வைத்ய சேவான்னு பேர் மாறினது. ரெண்டுமே பேக்கேஜ் கணக்கு, இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுன்னு. இவருக்கு மட்டும் வேற மருந்து, இவருக்கு மட்டும் ரெண்டு நாள் அதிகம்னா அந்த செலவு உங்க தலையில. ஸ்கோலின் ஒத்துக்காத ஒருத்தருக்கு மாத்து மருந்து போட்டு, அதோட வேலையை முறிக்க சுகமாடெக்ஸ்ங்கற மருந்து போட்டா பில்லு எகிறும், பேக்கேஜ் அதேதான். அதனால டாக்டர் விலகல் வரி எழுதும்போது செலவை யார் தாங்குறதுன்னு பயந்து எழுதாம விடுவார். இதுக்கு நாங்க மாச வருமானத்துல ஒரு சின்ன பங்கை தனியா வச்சுட்டோம், விலகல் வரி எழுதப்பட்ட கேஸுக்கு அதுல இருந்து எடுப்போம், கேள்வி கேக்க மாட்டோம். நீங்க செய்யுற செலவுலயே மதிப்பான செலவு இதுவாத்தான் இருக்கும்னு நான் நினைக்கிறேன்.

ரகசியம் பத்தி கொஞ்சம். சாதாரண ரத்த ரிப்போர்ட் ஒருத்தரோடது, ஜீன் ரிப்போர்ட் ஒரு குடும்பத்தோடது. ஒரு பொண்ணுக்கு குறை கடத்துற ஜீன் இருக்குன்னு தெரிஞ்சா அவ தங்கச்சிக்கும் இருக்கலாம், அது நல்லதுக்காக அவங்களுக்கு சொல்லப்படணும், ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெரிஞ்ச லேப் பையன் மூலமா விசாரிச்சா? இது நடக்காதுன்னு நினைக்காதீங்க, எங்க கவுண்டர்ல ஒருத்தர் ஸ்வீட் பாக்ஸோட வந்து கேட்டிருக்கார். 2023ல தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்தாச்சு, ஆபா நம்பர்னு 14 இலக்கத்துல ஆளாளுக்கு ஒரு சுகாதார எண் வந்து ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல சேருது, நல்லதுதான், ஆனா யார் திறந்து பாத்தாங்கன்னு பதிவு இருக்கணும், அந்த பதிவை நீங்களே மாசம் ஒரு தடவை பாக்கணும். சம்மத ஃபார்ம் தெலுங்குல வேணும், படிச்சு காட்டுறவங்க தெலுங்குல பேசுறவங்களா இருக்கணும், படிச்சு காட்டுனதுக்கப்புறம் "நான் சொன்னதை நீங்க வீட்டுல எப்படி சொல்லுவீங்க"ன்னு கேட்டு அவங்க வாயால கேக்கணும். சரி சரின்னு தலையாட்டுறது சம்மதம் ஆகாது.

இன்னொண்ணு, எல்லாத்தையும் நீங்களே செய்ய நினைக்காதீங்க. உங்களுக்கு ஒரு மணி நேர தூரத்துல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கு, 1900ல ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்ச இடம், எலும்பு மஜ்ஜை மாற்று 1986லயே அங்க நடந்துது, ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு ஜீன் சிகிச்சை கொடுத்து 5 பேருக்கு ரத்தக்கசிவே வராம இருந்ததை 2024 டிசம்பர்ல வெளியிட்டாங்க. நீங்க அதை செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். ஆனா அந்த மாதிரி ஒரு ஹீமோஃபிலியா பையன் காய்ச்சல்னு ராத்திரி உங்க கேஷுவாலிட்டிக்கு வந்தா இடுப்புல ஊசி போடாம இருக்கணும், தசைக்குள்ள ரத்தம் கட்டிடும், அந்த ஊசியை தடுக்குறது உங்க ஆஸ்பத்திரி மட்டும்தான் செய்யக்கூடிய வேலை. கேன்சர் கேஸ்ல 2012ல தொடங்குன தேசிய கேன்சர் கிரிட்ங்கற கேன்சர் ஆஸ்பத்திரிகள் கூட்டமைப்பு மூலமா பெரிய சென்டர் டாக்டர்களோட ஆன்லைன்லயே கேஸை வச்சு பேசலாம், தங்கச்சிக்கு சொல்லுங்க, அவங்களுக்கு பிடிக்கும். அதே மாதிரி வீட்டுப்பக்கம், மக்களை தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க, பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு போய் கொடுக்குற அந்த தன்னார்வலர் பெண்களுக்கு எந்த வீட்டுல யார் மாத்திரையை பானைக்கு பின்னாடி சேத்து வச்சிருக்காங்கன்னு தெரியும். உங்க டிஸ்சார்ஜ் சம்மரியில ஒரு காப்பி அவங்க புரிஞ்சுக்கிற தமிழ்ல போகட்டும், பேஷண்ட் சம்மதத்தோட.

மிஷின் வாங்கலாமான்னா, வேண்டாம். 60 பெட்டுக்கு வர்ற சாம்பிள் வச்சு ஜீன் படிக்கிற மிஷினை ஓட்ட முடியாது, மிஷினை விட அந்த ரிசல்ட்டை பிரிச்சு பொருள் சொல்ற ஆளு கிடைக்கிறது கஷ்டம், வருஷத்துக்கு வருஷம் மிஷினும் பழசாகும். தேவைப்படுறப்ப சாம்பிளை வெளிய அனுப்புங்க. டை-அப் போடலாம், ஆனா ஒரு லேபோட மட்டும் கட்டிப்போட்டுக்காதீங்க, இத்தனை டெஸ்ட் அனுப்புனா இவ்வளவு கமிஷன்னு எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க, போட்டா அன்னைக்கே உங்க டாக்டர் எழுதுற டெஸ்ட் மேல ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும். மிச்சமாகுற காசுல தெலுங்கும் தமிழும் உருதுவும் பேசுற ரெண்டு கவுன்சிலர் பொண்ணுங்களை வேலைக்கு எடுங்க, நைட் ஷிப்டுக்கு ஒரு சிஸ்டர் சேத்து போடுங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்கை தங்கச்சி நடத்தட்டும்.

ஆரம்பிக்கிறதுக்கு ஒரே ஒரு வேலை சொல்றேன். வர்ற வாரம் ஒரு நாள் ராத்திரி 9ல இருந்து 12 வரைக்கும் உங்க அட்மிஷன் கவுண்டருக்கு பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க, கையில ஒரு நோட்டு, கூட வர்ற ஆளுங்க சொல்றது ஒவ்வொண்ணையும் எழுதுங்க, மாத்திரை பேர், வீட்டு கதை, பயம், எல்லாம். காலையில அதே பேஷண்ட்டுகளோட கேஸ் ஷீட்டை எடுத்து வச்சு, நோட்டுல இருக்குறதுல எத்தனை அதுல வந்திருக்குன்னு பாருங்க. வராததை தங்கச்சிகிட்ட கொடுங்க, எந்த டெஸ்ட் முதல்ல வேணும்னு அவங்க அதுல இருந்து சொல்லட்டும்.